செலவில்லாமல் ஒப்புரவாவது எப்படி?

ராபர்ட்சன்பேட்டை சபைக் கமிட்டிகளுக்கு ஓர் உதவிக் கையேடு

மேலிடத்திலிருந்து வருஷா வருஷம் சுற்றறிக்கை வருகிறது. சபை ஒப்புரவாக வேண்டும், சமூக நீதிக்குக் குரல் கொடுக்க வேண்டும், படைப்பைப் பராமரிக்க வேண்டும். மூன்றும் நல்ல காரியம்தான். ஆனால் சுற்றறிக்கை எழுதுகிறவர்கள் கோலார் தங்கவயலில் குடியிருக்கவில்லை. ஒரு பக்கம் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு, இன்னொரு பக்கம் மூடிக் கிடக்கும் சுரங்கம். விடிவதற்கு முன்பே சபையின் இளவட்டம் முழுக்க பெங்களூர் ரயிலில். இந்த நிலையில் கோயில் கூரைக்கு ஷீட் மாற்றுவதா, உலகத்தை மாற்றுவதா என்று கமிட்டிக்காரர்கள் தலையைச் சொறிவது நியாயம்தான்.

அவர்களுக்காகவே இந்தக் கையேடு. இதில் உள்ளபடி நடந்தால் மூன்றையும் செய்த பேர் கிடைக்கும், யாருக்கும் மனவருத்தம் வராது, கணக்கிலும் பெரிய செலவு ஏறாது. சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், மெத்தடிஸ்ட், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எல்லாருக்கும் பொருந்தும். இந்த ஒரு விஷயத்தில் திருச்சபைகளின் ஐக்கியம் எப்போதோ வந்துவிட்டது.

தேவையானவை

ஃபிளெக்ஸ் பேனர் 3. மரக்கன்று 1. சால்வை 2 (ஒன்று சிறப்பு விருந்தினருக்கு, மற்றது அழைக்காமல் வந்துவிடும் பிரமுகருக்கு). செல்போனில் நன்றாகப் படமெடுக்கத் தெரிந்த வாலிபர் ஒருவர். நீண்ட ஜெபம் செய்யத் தெரிந்த மூப்பர் ஒருவர். அவ்வளவுதான்.

முதல் பாடம்: ஒப்புரவு

ஒப்புரவுக்கு முதல் விதி, பகையைத் தூரத்தில் தேர்ந்தெடுப்பது. எருசலேமுக்காக ஜெபியுங்கள், உக்ரைனுக்காக ஜெபியுங்கள். தென்னாப்பிரிக்காவில் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை, ஒப்புரவு ஆணையம் எப்படி நடந்தது என்று பிரசங்கத்தில் விவரமாகச் சொல்லுங்கள். போன கமிட்டித் தேர்தலில் தோற்று, கோர்ட்டுக்குப் போய், இப்போது வாசலோரம் உட்கார்ந்திருக்கிறாரே ஒரு பெரியவர், அவர் பக்கம் மட்டும் பார்வை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஐக்கிய வாரம். பக்கத்துச் சபைப் போதகரைப் பிரசங்கத்துக்குக் கூப்பிடலாம். ஆனால் அவர் சபையிலிருந்து நம்மிடம் வந்த குடும்பங்களைப் பற்றியும், நம்மிடமிருந்து அங்கே போன குடும்பங்களைப் பற்றியும் பேச்செடுக்க வேண்டாம். சி.எஸ்.ஐ. சபையாக இருந்தால் செப்டம்பர் 27-ம் உங்களுக்கு உண்டு. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை 1947-ல் அந்த நாளில்தான் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றாயின. மேலைநாட்டுச் சபைகளே வியந்து பார்த்த இணைப்பு அது. அந்தப் பெருமையை மேடையில் பேசிவிட்டு, தமிழ் ஆராதனைக்காரர்களும் இங்கிலீஷ் ஆராதனைக்காரர்களும் ஹால் சாவி யாரிடம் இருப்பது என்று போடும் சண்டையை மாலைக்குத் தள்ளி வையுங்கள்.

ஆராதனை நடுவில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரம் வரும். இதற்கு இடவசதி முக்கியம். யாரோடு கைகுலுக்க விருப்பமில்லையோ அவருக்கும் உங்களுக்கும் நடுவே நாலு பெஞ்சாவது இருக்கட்டும்.

மலைப்பிரசங்கத்தில் ஒரு சிக்கலான பகுதி வருகிறது. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன், தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவனோடு ஒப்புரவாகி, பிறகு வந்து படைக்க வேண்டுமாம். இதை அப்படியே கடைப்பிடித்தால் பாதிப் பேர் எழுந்து வெளியே போய்விடுவார்கள், எத்தனை பேர் திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த வேதபாடம் வருகிற ஞாயிறில் காணிக்கையை முதலில் எடுத்துவிட்டு, பிரசங்கத்தைப் பிறகு வைத்துக்கொள்வது உத்தமம்.

இரண்டாம் பாடம்: படைப்பின் பராமரிப்பு

ஜூன் 5-ஐ ஒட்டிச் சுற்றுச்சூழல் ஞாயிறு. 'பூமியைக் காப்போம்' என்று பத்துக்கு ஆறு அளவில் ஃபிளெக்ஸ் அடியுங்கள். கர்நாடக அரசு 2016-லேயே ஃபிளெக்ஸையும் தெர்மாகோல் தட்டையும் தடை செய்துவிட்டது என்று யாராவது சட்டம் பேசினால், இது கர்த்தருடைய ஊழியம் என்று சொல்லிவிடலாம். பிறகு மரக்கன்று. போன வருஷம் நட்ட குழியிலேயே நடலாம். அதில் இருந்ததுதான் எப்போதோ காய்ந்துபோயிற்றே.

மரக்கன்றை ஆயர் பிடித்திருக்க, பொருளாளர் மண் தள்ள, செயலாளர் குடத்தைச் சாய்க்க, படம் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. பின்னணியில் சயனைடு மேடு விழக்கூடாது. ராபர்ட்சன்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் இது லேசான காரியம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளுத்த மண்குன்று ஒன்று எட்டிப் பார்க்கும். கணக்கில் 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல், ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் டன் கழிவு. படமெடுக்கிறவர் உட்கார்ந்து, செல்போனை வானத்தைப் பார்க்கச் சாய்த்துப் பிடித்தால் சமாளிக்கலாம்.

மேடு வந்த கதையைப் பிள்ளைகள் கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் நம் முன்னோர்கள், பெரும்பாலும் சேரிகளிலிருந்து, வேலைக்கு வந்தார்கள். சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் இறங்கிப் பாறையை வெட்டி மேலே அனுப்பினார்கள். பாறையை மாவாக அரைத்து, சோடியம் சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஊருக்குப் பக்கத்தில் கொட்டினார்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குள் 800 டன்னுக்கு மேல் தங்கம் ஊரை விட்டுப் போயிருந்தது. மிச்சம் இங்கேயே இருக்கிறது.

காற்றுக் காலத்தில் அந்த மிச்சம் கோயிலுக்கும் வரும். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோயில் திறக்கிறவர் ஈரத் துணியோடு பெஞ்சு துடைப்பதை ஒருநாள் நின்று பாருங்கள். இரண்டு பெஞ்சு முடிவதற்குள் துணி வெளிறிப்போகும். வாளியில் அலசினால் தண்ணீர் கஞ்சித்தண்ணி நிறத்தில் கலங்கி, அடியில் நைசாக வண்டல் படியும். பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் நடுத் தையலில் ஒரு கோடு தூசி. ஊதினால் கண்ணில் விழும். அவர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் பெருக்குவார். வெயிலில் சயனைடின் வீரியம் நாளாவட்டத்தில் குறைந்துபோகலாம். அரைபட்ட பாறையின் சிலிக்கா அப்படிக் குறைகிற சரக்கு இல்லை. 1940-களில் தங்கவயல் தொழிலாளர் 7,653 பேரைப் பரிசோதித்தபோது பத்துக்கு நாலு பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. அது சுரங்கத்துக்குள் பிடித்த நோய். வெளியே கிடக்கும் மேடும் அதே பாறையின் பொடிதான்.

இதையெல்லாம் பிரசங்கத்தில் சேர்க்க வேண்டியதில்லை. அமேசான் காட்டைப் பற்றிப் பேசினால் போதும். துருவக் கரடி இன்னும் நல்லது, அதன் சொந்தக்காரர் யாரும் நம் சபையில் இல்லை. போப் பிரான்சிஸ் 2015-ல் சுற்றறிக்கை எழுதி, பூமியின் கூக்குரலும் ஏழையின் கூக்குரலும் ஒன்று என்று சொல்லிவைத்தார். கத்தோலிக்கச் சபையார் அதைப் படிக்கும்போது முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வது நலம்.

சினிமாக்காரர்களைப் பாருங்கள். 'கே.ஜி.எஃப்.' படத்துக்கு நம் சயனைடு மேட்டிலேயே செட் போட்டு உலகம் பூராவும் வசூல் பார்த்தார்கள். அவர்கள் கண்ணுக்கு மேடு நன்றாகத் தெரிந்தது. அரசாங்கத்தின் கண்ணுக்கும் தெரிகிறது. கழிவில் மிச்சமிருக்கும் தங்கத்துக்காக 13 மேடுகளையும் ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்துவிட்டது. மேட்டைக் கிளறினால் தூசி எங்கே போகும் என்று கேட்கத் தோன்றும். கேட்டால் மனு எழுத வேண்டிவரும், மனு எழுதினால் கையெழுத்து வாங்க வேண்டிவரும். மரக்கன்றோடு நிற்பதே பாதுகாப்பு.

மூன்றாம் பாடம்: சமூக நீதி

இதுதான் கொஞ்சம் நெருப்பு. நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு வருகிறது. சிறப்புப் பேச்சாளரைப் பெங்களூரிலிருந்து வரவழையுங்கள். உள்ளூர்க்காரர் என்றால் உள்ளூர் விஷயம் பேசிவிடுவார்.

நம் ஊர்க்காரர் ஒருவரை உதாரணம் காட்டலாம், ஆனால் எவ்வளவு தூரம் காட்டுவது என்பதில் நிதானம் வேண்டும். பெசவாடா வில்சன். 1966-ல் இதே தங்கவயலில், துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில், கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவர். தங்கம் எடுத்த கம்பெனிக்கு 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் தொழிலாளர் லைன்களில் தண்ணீர்க் கழிப்பிடம் மட்டும் கட்ட நேரமில்லாமல் போயிற்று. உலர் கழிப்பிடங்களில் மலத்தை வாளியில் அள்ளித் தலையில் சுமந்தார்கள், வில்சனின் வீட்டாரும் அவர்களில் அடக்கம். வேலை நடக்கும் இடத்துக்கே அவர் ஒருநாள் போனார். குழிக்குள் விழுந்த வாளியை எடுக்க ஒருவர் வெறுங்கையை உள்ளே விடுவதைக் கண்டார். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அழுதவர் அதோடு நிற்கவில்லை, அங்கேதான் தொல்லை ஆரம்பம். 1986 முதல் சுரங்க நிர்வாகத்துக்கும் அரசாங்கத்துக்கும் கடிதம் எழுதினார். 1993-ல் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னும் தங்கவயலில் அள்ளுகிறார்கள் என்பதைப் படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். நிர்வாகம் வேறு வழியின்றிக் கழிப்பிடங்களை மாற்றியது. பிறகு அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த எஸ்.ஆர். சங்கரன், தலித் உரிமைச் செயல்பாட்டாளர் பால் திவாகர் ஆகியோரோடு சேர்ந்து சஃபாய் கர்மசாரி ஆந்தோலனைத் தொடங்கினார். அந்த அமைப்பு 2003-ல் போட்ட வழக்கில்தான் 2014-ல் உச்ச நீதிமன்றம், மலக்குழியிலும் சாக்கடையிலும் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2016-ல் வில்சனுக்கு மகசேசே விருது.

இங்கே கையேட்டின் பரிந்துரை இது. விருதுக்குப் பிந்திய வில்சனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சால்வை, மாலை, 'எங்கள் மண்ணின் மைந்தர்' என்ற ஃபிளெக்ஸ். கடிதம் எழுதித் திரிந்த இருபது வயதுப் பையனை விட்டுவிடுங்கள். அப்படி ஒரு பையன் இப்போது உங்கள் வாலிபர் சங்கத்தில் இருந்தால், அவனை எப்படி நடத்துவீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது கோயில் வளாகத்தின் செப்டிக் டேங்க். கிறிஸ்துமஸ் நெருங்கும்போதுதான் அது நிரம்பும். வழக்கமான முறை: ஞாயிறு ஆராதனை முடிந்து கார்கள் போன பிறகு, ஆள் பின்கேட் வழியாக வருவார். 'இன்னா சார், மூடியைத் திறந்து வச்சீங்களா?' என்று கேட்பார். திறந்து வைத்திருக்க மாட்டோம். அவரே கடப்பாரை போட்டு நெம்புவார். இருநூறு முன்பணம், மீதி வேலை முடிந்து. டீ கொடுக்கலாம், பேப்பர் கப்பில். கப்பை அவரே ஓரமாகப் போட்டுவிடுவார், நாம் சொல்ல வேண்டியதில்லை, இத்தனை வருஷத்தில் அவருக்கே பழகிவிட்டது. அவர் பெயர் தாவீதா தேவராஜா என்று ரசீதில் எழுத வேண்டிய தேவையும் இல்லை, 'துப்புரவு' என்று கணக்கில் காட்டினால் போதும். அவர் குடும்பம் நம் சபையா, பக்கத்துச் சபையா என்றும் விசாரிக்க வேண்டாம். நம் சபையாக இருந்துவிட்டால் சங்கடம்.

2013-ன் சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளைக் குழிக்குள் இறக்குவது இறக்கச் சொன்னவரைச் சிறைக்கு அனுப்பும் குற்றம். 2011-ல் இதே தங்கவயலில் மலக்குழியில் இறங்கிய மூன்று பேர் உயிரோடு திரும்பவில்லை. 2023-ல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டை முப்பது லட்சமாக உயர்த்தியது. இவை பொருளாளருக்குத் தெரிந்தால் உறிஞ்சும் லாரிக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி அடம்பிடிப்பார், அலங்கார விளக்குச் செலவில் கைவைக்க வேண்டிவரும். எனவே சொல்லாதீர்கள்.

நான்காம் பாடம்: சான்றிதழ்

ஆகஸ்ட் 10-ஐக் கருப்பு தினம் என்று சொல்லிச் சபைகளில் கருப்புக் கைப்பட்டை கட்டுகிறார்கள். 1950-ல் அந்த நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-ல் சீக்கியரையும், 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியே. தங்கவயலில் இதன் விசித்திரத்தை ஒரே லைனில் பார்க்கலாம். தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாசர் காலத்திலேயே இங்கே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வேர்விட்டது. அவருடைய 'தமிழன்' பத்திரிகை 1926 முதல் இங்கிருந்தே மீண்டும் வெளிவந்தது. அந்த வழி போன தாத்தாவின் பேரனுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் உண்டு. அடுத்த வீட்டில் ஞானஸ்நானம் பெற்ற தாத்தாவின் பேரனுக்கு இல்லை. இரண்டு தாத்தாக்களும் ஒரே கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். தங்கவயல் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் அதில் நிற்க முடியாது.

அதனால் கோயிலில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழும் பிள்ளைகள் உண்டு. இதில் சபையின் வேலை சுலபம். கைப்பட்டை கட்டி நின்று, டெல்லியைத் திட்டிவிட்டு வரலாம். சபைக்குள் பெண் கொடுக்கும்போது என்ன விசாரிக்கிறோம் என்பது வேறு டிபார்ட்மெண்ட். டெல்லி கேட்கும் அதே சான்றிதழைத்தான் கல்யாணத் தரகரும் கேட்கிறார் என்று யாராவது சொன்னால், 'இது குடும்ப விஷயம்பா' என்று தோளில் தட்டி அனுப்பிவிடுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர்கள் தூசி பற்றி மனு கொடுக்கப் போகிறோம் என்கிறார்களே?
கேரல் ரவுண்ட்ஸ் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். வேன், மைக், கேக் என்று அலைந்து ஜனவரிக்குள் மறந்துவிடுவார்கள்.

பெண்கள் ஐக்கியத்தில் ஓர் அக்கா எழுந்து, சிநேக விருந்துக்கு எவர்சில்வர் தட்டு வாங்கலாம் என்கிறார். யார் கழுவுவது?
இந்தக் கேள்வியைக் கமிட்டியில் ஆண்கள் கேட்டால் விவாதம் உடனே முடிந்துவிடும். தெர்மாகோல் தட்டுக்கே திரும்பலாம்.

துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து ஒருவரைக் கமிட்டிக்கு எடுக்கலாமா?
தாராளமாக. வளாகச் சுத்தக் குழுவுக்கு அவரையே கன்வீனராகப் போட்டுவிடலாம்.

சுரங்கத்தில் இருமி இருமிச் செத்த அப்பாவைப் பற்றிச் சாட்சி சொல்ல ஒருவர் நேரம் கேட்கிறார்.
சாட்சி என்றால் சுகமான சாட்சி மட்டும். மூன்று நிமிஷம்.

கையேடு பலிக்காத இடம்

இந்த முறைகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். ஒப்புரவுக்கு ஜனவரி, பூமிக்கு ஜூன், நீதிக்கு நவம்பர் என்று பிரித்து வைப்பது. மூன்றையும் ஒரே கூட்டத்தில் யாராவது சேர்த்துக் கேட்டுவிட்டால் கையேடு உடைந்துவிடும். மேட்டோரம் தூசி தின்கிற வீடு யாருடையது? குழிக்குள் இறங்குகிறவர் எந்த வீட்டிலிருந்து வருகிறார்? கோயிலில் கடைசிப் பெஞ்சுக்குப் பழகியவர்கள் யார்? மூன்று கேள்விக்கும் பெரும்பாலும் ஒரே விலாசம்தான் பதிலாக வரும். அந்த விலாசத்துக்கு ஆயரும் கமிட்டியும் ஒருமுறை நடந்து போனாலே, எந்தச் சகோதரனுக்கு நம்மேல் குறை இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு காணிக்கைத் தட்டை நிம்மதியாக நீட்ட முடியாது. வில்சனுக்கு நேர்ந்தது அதுதான். குழியருகே போய்ப் பார்த்தார், அதன் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கையேட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கடைசியாக ஒரு வார்த்தை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடுங்கள். ஒன்று, கோயில் டேங்க்கிலோ ஆயர் வீட்டு டேங்க்கிலோ இனி ஓர் ஆளும் இறங்கக்கூடாது. லாரி கூப்பிடும் எண் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும், எல்லா வீடும் பயன்படுத்தட்டும். இரண்டு, மேடுகளை ஏலம் எடுக்கிறவர் தூசி பறக்காமல் தண்ணீர் தெளிப்பதும், பக்கத்து வீட்டாருக்கு நுரையீரல் பரிசோதனை செய்வதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும் என்று ஊரிலுள்ள எல்லாச் சபைகளும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கேளுங்கள். மூன்று, துப்புரவுக் குடும்பங்களிலிருந்து வருகிறவருக்குப் பொருளாளர் பதவியைக் கொடுங்கள், சுத்தக் குழுவை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். மூன்றையும் ஒரே நாளில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். தனித்தனி ஞாயிறுக்கு மட்டும் தள்ளிவிடாதீர்கள்.